கணக்கைக் காட்டுங்கள்: அரசாங்க ஓய்வூதியம் குறித்துப் பொதுச் சேவைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பொதுச் சேவைத் துறையின் தலைமை இயக்குநர், புத்ராஜெயா, மலேசியா.
பார்வைக்கு: ஓய்வூதிய நிதியகமான குவாப்பின் நிர்வாகம், பினாங்கு மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அரசாங்க அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்று, இப்போது ஜார்ஜ்டவுனில் வசிப்பவன் நான். ஓய்வூதியர்களும் அவர்களுடைய துணைவியரும் கொண்டுவரும் பாரங்களையும் கடிதங்களையும் படித்து விளக்குவது எனக்கு ஏறக்குறைய இரண்டாவது உத்தியோகமாகிவிட்டது. அவர்களுக்காகவும் எனக்காகவும் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வோர் ஓய்வூதியருக்கும், அவருக்குப் பின் ஓய்வூதியம் பெறும் குடும்பத்தாருக்கும், அந்தத் தொகை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ், எந்தச் சம்பளத்தைக் கொண்டு, எத்தனை மாதப் பணிக்காலத்துக்குக் கணக்கிடப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கணக்கு மாறும்போதெல்லாம் புதிய தாளைக் கொடுங்கள். கூடுதல் பணம் கேட்டு எழுதும் மடலன்று இது. கூடுதலாக வரவேண்டியது இருந்தால் அந்தத் தாளே அதைச் சொல்லிவிடும். இல்லை என்றாலும் அதுவே சொல்லிவிடும்.

இதை ஒரு நிர்வாக வசதியாக மட்டும் பார்க்கலாகாது என்பதற்குக் காரணம், கடந்த சில ஆண்டுகளில் எங்கள் ஓய்வூதியத்தின் சட்ட அடிப்படையே இருமுறை மாறியிருப்பதுதான். 1980ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திருத்தியமைப்புச் சட்டமான 238ஆம் சட்டம் ஒரு தெளிவான கொள்கையைக் கொண்டிருந்தது. பணியில் இருப்போரின் சம்பள அட்டவணை திருத்தப்படும்போது, அதற்கு முன்பே ஓய்வுபெற்றவரின் ஓய்வூதியமும் அதையொட்டித் திருத்தப்படும். சம்பளத் திருத்தம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சில வேளைகளில் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால், வரும்போது அது ஓய்வுபெற்றவரையும் வந்தடைந்தது. 2013ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இந்த இணைப்பை அறுத்து, சம்பளத் திருத்தம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்வு என்று வைத்தது. அப்போது பலரும் அதை வரவேற்றார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் கொஞ்சம் ஏறும் தொகை, என்றோ வரப்போகும் பெரிய உயர்வைவிடக் கைக்கு நெருக்கமானது.

வெளியுறவு அமைச்சில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெண்மணியும் அவரோடு மேலும் 56 ஓய்வூதியர்களும் அதை வேறு விதமாகப் பார்த்தார்கள். 2017இல் அவர்கள் தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றத்தில் தோற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஜனவரி 13ஆம் நாள் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசாங்கம் செய்த மேல்முறையீட்டைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஜூன் 27ஆம் நாள் தள்ளுபடி செய்தது. 2 விழுக்காட்டு முறையைக் கொண்டுவந்த, அந்தத் திருத்தச் சட்டத்தின் 3ஆம் 7ஆம் பிரிவுகள் கூட்டரசு அரசியலமைப்பின் 147ஆவது விதிக்கு முரணானவை. ஆகவே செல்லாதவை என்பது முடிவு. அதனால் 238ஆம் சட்டம் அதன் பழைய வடிவில் மீண்டும் நடப்புக்கு வந்தது.

அந்த 147ஆவது விதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் கோரிக்கை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. பொதுச் சேவையில் இருந்த ஒருவருக்கோ, அவருடைய விதவை மனைவிக்கோ, பிள்ளைகளுக்கோ வழங்கப்படும் ஓய்வூதியத்துக்கும் பணிக்கொடைக்கும் பொருந்தும் சட்டம், அதற்கென வரையறுக்கப்பட்ட நாளில் நடப்பில் இருந்த சட்டமாக இருக்க வேண்டும். அல்லது, பின்னால் வந்த சட்டம் என்றால் அது அவருக்குக் குறைந்த நன்மை தருவதாக இருக்கக் கூடாது. மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு, முன்பே சேவையில் இருந்தவர்களுக்கு அந்த நாள் 1957 ஆகஸ்ட் 30. மெர்டேக்கா நாளிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்கு, அவரவர் முதன்முதலில் சேவையில் சேர்ந்த நாள். ஆக, 1974இல் சேர்ந்த மருத்துவமனை உதவியாளர் ஒருவரும் 1995இல் சேர்ந்த ஆசிரியர் ஒருவரும் இன்று ஒரே வரிசையில் நின்று ஓய்வூதியம் வாங்கினாலும், அரசியலமைப்பின் கண்ணில் அவர்களுடைய அளவுகோல்கள் வேறு வேறு. இரண்டு சட்டங்களை அருகருகே வைத்து, எது நன்மை கூடியது என்று அவரவருக்குத் தனித்தனியே ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்த விதியை நிறைவேற்ற முடியாது. அந்த ஒப்பீட்டைச் செய்யத் தேவையான விவரங்கள் எல்லாம் தங்கள் துறையிடம் இருக்கின்றன. ஓய்வூதியரிடம் எதுவும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு கொடுக்கிறேன். கடைசிச் சம்பளம் 3,000 ரிங்கிட், கணக்கில் சேரும் பணிக்காலம் 300 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதங்களை 600ஆல் வகுத்துக் கடைசிச் சம்பளத்தால் பெருக்கும் வாய்பாட்டின்படி ஓய்வூதியம் 1,500 ரிங்கிட். 2013 ஜனவரி தொடங்கி 2023 ஜனவரி வரை ஆண்டுக்கு 2 விழுக்காடு முதலோடு சேர்ந்துகொண்டே போனால், பதினோராவது உயர்வுக்குப் பின் அது ஏறத்தாழ 1,865 ரிங்கிட். தீர்ப்புக்குப் பிறகு, 2024இல் 2 விழுக்காட்டு உயர்வு நின்றது. வாங்கிவந்த தொகை குறையாது என்ற உறுதி கிடைத்தது. நல்லது. ஆனால் அந்த 1,865இல் 1,500க்கு மேலே உள்ள 365 ரிங்கிட் இப்போது என்ன? செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிரிவின் பயனா, அரசாங்கம் மனமுவந்து தரும் உதவியா, பழைய சட்டத்தின்படி வரவேண்டிய திருத்தத்தில் ஒரு பகுதியா? 2016 ஜூலை 1ஆம் நாள் பணியில் இருந்தோருக்குக் கிடைத்த கூடுதல் ஆண்டு ஊதிய உயர்வு பழைய சட்டம் சொல்லும் சம்பளத் திருத்தத்தில் அடங்குமா, அடங்காதா? வங்கிக் கணக்குப் புத்தகத்தில் ஒரே வரியாக விழும் தொகையைப் பார்த்து இந்தக் கேள்விகளுக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. உதவி என்றால் நாளை நிறுத்தலாம். உரிமை என்றால் நிறுத்த முடியாது. இந்த வேறுபாடு எழுபத்தைந்து வயதுக்காரருக்கு மிகப் பெரிது.

2024 டிசம்பர் 1ஆம் நாள் பொதுச் சேவை ஊதிய முறை என்ற புதிய முறை தொடங்கி, முதற்கட்டமாகப் பெரும்பாலான ஊழியர்களுக்கு 8 விழுக்காடும், 2026 ஜனவரி 1ஆம் நாள் இரண்டாம் கட்டமாக 7 விழுக்காடும் என்று ஊதியம் உயர்த்தப்பட்டிருப்பதால் இந்தக் கேள்வி மேலும் கூர்மையாகிறது. 238ஆம் சட்டம் பழைய வடிவில் உயிர்பெற்றுவிட்ட பிறகு வரும் பெரிய சம்பளத் திருத்தம் இது. 2002 நவம்பரில் நடப்புக்கு வந்த முறையின் சம்பள நிலையிலோ அதற்கு முந்தைய நிலையிலோ ஓய்வுபெற்ற ஒருவரைப் புதிய அட்டவணையின் எந்தப் படியில் கொண்டுபோய்ப் பொருத்துகிறீர்கள் என்பதில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. பொருத்தும் வேலையைத் தங்கள் அலுவலர்கள் நேர்மையாகவே செய்வார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் இன்னொன்றும் தெரியும்: லட்சக்கணக்கான கோப்புகளில் ஒரு படி தவறுவது மிக இயல்பு, அதை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர் அந்தக் கோப்பின் சொந்தக்காரர்தான்.

கண்டுபிடித்தாலும் காலம் காத்திருக்காது. நிர்வாக முடிவு ஒன்றை நீதிமன்றச் சீராய்வுக்குக் கொண்டுபோக மூன்று மாத அவகாசம்தான் உண்டு. பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948, அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்க 36 மாத எல்லையை வைத்திருக்கிறது. முடிவு எழுத்தில் வராதபோது, அந்த மூன்று மாதம் எந்த நாளில் தொடங்கியது என்பதே ஒரு வழக்காகிவிடும். தொலைபேசியில் ‘கணக்கு சரியாகத்தான் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னது முடிவா? முகப்பில் இருந்தவர் ‘அடுத்த மாதம் வந்து பாருங்கள்’ என்றது முடிவா? உரிமை இருந்தும் நாள் கடந்துவிட்டது என்று கேட்பதற்காக ஒரு முதியவர் வழக்கறிஞரைத் தேடிப் போகலாகாது. தேதியிட்ட தாள் ஒன்று இருந்தால் துறைக்கும் அதுவே பாதுகாப்பு. எந்த நாளில் எதைச் சொன்னோம் என்று காட்ட முடியும். உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அதே தாளின் அடியில் அச்சாகியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில், 1980ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தை, அதாவது 227ஆம் சட்டத்தை, எங்களுக்கு எதிராக எடுத்துக்காட்டுவோர் உண்டு. அதன் 3ஆம் பிரிவு, எந்த அதிகாரிக்கும் ஓய்வூதியத்தின்மீது முழுமையான உரிமை கிடையாது என்கிறது. அது உண்மையே. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகிப் பணிநீக்கம் செய்யப்பட்டவர் ஓய்வூதியத்தை இழக்கிறார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘முழுமையான உரிமை இல்லை’ என்ற ஒரு சொற்றொடரை, ஒழுங்காகப் பணியாற்றி ஓய்வுபெற்றவரிடம் ‘எங்கள் கணக்கைக் கேட்கும் உரிமையும் உனக்கில்லை’ என்று நீட்டிப் படிப்பது தவறு. ஒருமுறை வழங்கப்பட்டுவிட்ட ஓய்வூதியத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அரசியலமைப்பு சொல்கிறது; சாதாரணச் சட்டம் அதற்கு அடங்கியது. 98ஆவது விதியோ, கூட்டரசு தரவேண்டிய ஓய்வூதியங்களை ஒருங்கிணைந்த நிதியின்மீது நேரடிச் சுமையாகவே வைத்திருக்கிறது.

எங்கள் தமிழ்ச் சமூகத்தில் இந்தத் தாளின் தேவை மிகக் கூடுதலாக இருக்கும் இடம் விதவையர் பெறும் ஓய்வூதியம். பென்சென் தெர்பித்தான் என்று பாரங்களில் இருப்பதை, வீட்டுக்காரர் பென்ஷன் என்றுதான் எங்கள் பெண்கள் சொல்வார்கள். அது கிடைப்பதும் கிடைக்காததும் திருமணம் சட்டப்படி செல்லுமா என்பதில் முடிகிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் இந்து முறைப்படி கோயிலிலோ வீட்டுப் பந்தலிலோ நடந்த செல்லுபடியான திருமணங்களைப் பதிவு செய்யப்பட்டவையாகவே அச்சட்டம் கருதுகிறது. அந்நாளில் இந்து வழக்கப்படி இரண்டாம் தாரமாக வந்தவரும் சட்டப்படி மனைவியே. முதல் மனைவி இருக்கையில் செய்யும் இரண்டாம் திருமணத்தை 1982க்குப் பிறகு அச்சட்டம் ஏற்பதில்லை. ஆகவே, 1979இல் வந்த இரண்டாம் மனைவிக்கு இருக்கும் தகுதி 1983இல் வந்தவருக்கு இல்லை. இத்தனைக்கும் இரு வீட்டிலும் அதே தாலி, அதே பந்தல், அதே உறவினர்கள்.

1982க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, பதிவை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டவர்கள் தோட்டங்களிலும், ரயில்வே குடியிருப்புகளிலும், மாநகர் மன்றத் தொழிலாளர் வரிசை வீடுகளிலும் ஏராளமாக இருந்தார்கள். துணைப் பதிவாளராக நியமனம் பெற்ற கோயில் குருக்கள் இருந்த இடங்களில் பிழைத்தார்கள். இல்லாத இடங்களில் பதிவே இல்லை. கணவர் உயிரோடு இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படுவதில்லை. அவர் இறந்து, மாத ஓய்வூதியம் நின்ற பிறகுதான், முப்பது நாற்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்குத் தான் சட்டத்தின் கண்ணில் மனைவியல்ல என்று தெரியவருகிறது. சட்டத்தை வளைக்கும்படி தங்களைக் கேட்கவில்லை. ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்குப் பின் ஓய்வூதியம் பெறத் தகுதியுள்ளவர்கள் என்று தங்கள் பதிவேட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தாளில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். ‘துணைவர்: பதிவு இல்லை’ என்று ஒரு வரி வந்தால், அந்தத் தம்பதியர் மறுவாரமே பதிவு இலாகாவுக்குப் போவார்கள். இருவரும் உயிரோடு இருக்கையில் திருத்திக்கொள்ளக் கூடிய குறை அது.

1982க்கு முன் மணந்தவர்களுக்கு வேறு தொல்லை. சட்டம் அவர்களை ஏற்கிறது. கையில் சான்றிதழ்தான் இல்லை. திருமண அழைப்பிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கோயில் கடிதம், சத்தியப் பிரமாணம் ஆகியவற்றில் எவை சேர்ந்தால் போதும் என்பதை நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியாக எழுதி வெளியிடுங்கள். பெயர் எழுத்து மாறுபாடும் இதைச் சேர்ந்ததே. தமிழ்ப் பெயர்களை மலாய் எழுத்தில் அந்தந்தக் கிராணி தன் காதுக்குக் கேட்டபடி எழுதிவைத்தார். அந்தத் தொழிலைச் செய்தவன் என்பதால் கிராணிகளான எங்கள்மீது நானே குறை சொல்லிக்கொள்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். பணிப்பதிவேட்டில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று மூன்று விதமாக இருக்கும் ஒரே பெண்ணை மூன்று பெண்களாக நடத்தாமல் இருக்க ஒரு வழிமுறை வேண்டும்.

விருப்பத் தேர்வுப் பாரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழர்கள் மிகுதியாக வேலை செய்த துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்களாக மாறின: தொலைத்தொடர்பு 1987இல், மின்சாரம் 1990இல், ரயில்வே 1992இல். செந்தூல் பட்டறையிலிருந்து பட்டர்வொர்த் நிலையம் வரை வேலை செய்தவர்கள் தங்கள் எதிர்காலத்தைப் பற்றிய பாரங்களில் அப்போது கையெழுத்திட்டார்கள். 1991 ஏப்ரல் 12 முதல் புதிதாகச் சேர்ந்த அரசாங்க ஊழியர்கள் ஓய்வூதியமா, ஊழியர் சேமநிதியா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சம்பள முறை மாறியபோதெல்லாம் இன்னொரு பாரம் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை பழைய கதைகள். ஆனால் 147ஆவது விதியின் மூன்றாம் உட்பிரிவு, ஒருவர் எந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தாரோ அதுவே அவருக்கு நன்மை கூடியதாகக் கொள்ளப்படும் என்கிறது. அதாவது அன்று மேற்பார்வையாளர் நீட்டிய தாளில், விளக்கம் எதுவும் கேட்காமல் போட்ட கையெழுத்து, இன்று அரசியலமைப்புப் பாதுகாப்பின் எல்லையையே தீர்மானிக்கலாம். அத்தனை கனமான பாரத்தின் நகல் எங்களில் பெரும்பாலோரிடம் இல்லை. கோப்பில் இருக்கும் நகலைக் கேட்டவுடன் கொடுக்க வேண்டும். கோப்பில் இல்லை என்றால் இல்லை என்றே எழுதித் தர வேண்டும். ஊராட்சி மன்றங்களிலும் சட்டப்பூர்வ அமைப்புகளிலும் வேலை செய்தவர்கள் 239ஆம் சட்டத்தின்கீழ் வருவதால் அவர்களை இன்னொரு முகப்புக்கு அனுப்புகிறார்கள்; அவர்களுக்கும் இதே முறை பொருந்த வேண்டும் என்பதைத் தவிர அங்கே சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை.

செலவைப் பற்றிய கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஓய்வூதியத்துக்காக அரசாங்கம் ஆண்டுதோறும் 30 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் செலவிடுகிறது. 2040இல் அது 120 பில்லியனை எட்டக்கூடும் என்று துணைப் பிரதமர் 2024 ஜனவரியில் சொன்னார். புதிதாகச் சேர்வோருக்கு ஓய்வூதியத்துக்குப் பதில் சேமநிதியும், சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புத் திட்டமும் என்ற முடிவும் அதன் தொடர்ச்சியே. அந்தப் பிள்ளைகளின் நிலை பற்றி அவர்களே பேசட்டும். சேரும்போதே தெரிந்து சேர்கிறார்கள் என்பதால் 147ஆவது விதி அவர்களுக்குத் தரும் துணை குறைவு. ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களின் விஷயத்தில் செலவு என்பது ஒரு காரணமாக அவ்விதியில் எங்கும் எழுதப்படவில்லை.

செலவைப் பற்றிப் பேசும்போது குவாப்பையும் பேச வேண்டும். 2007ஆம் ஆண்டின் ஓய்வூதிய நிதிச் சட்டத்தின்கீழ், பழைய ஓய்வூதிய அறக்கட்டளை நிதியின் இடத்தில் அமைந்த இந்த நிதியகத்துக்கு, ஊராட்சி மன்றங்களும் சட்டப்பூர்வ அமைப்புகளும் தங்கள் ஓய்வூதிய ஊழியர்களின் அடிப்படைச் சம்பளத்தில் 17.5 விழுக்காட்டைச் செலுத்துகின்றன. கூட்டரசு அரசாங்கம், ஊழியர் ஊதியத்துக்கென ஆண்டு வரவுசெலவில் ஒதுக்கும் தொகையில் 5 விழுக்காட்டைச் செலுத்துகிறது. அரசாங்கத்தின் ஓய்வூதியப் பொறுப்புக்குத் துணைநிற்பதே அதன் நோக்கம். அந்த நிதியிலிருந்து 2011இலும் 2012இலும் அரசாங்கத்துக்குச் சொந்தமான எஸ்.ஆர்.சி. இன்டர்நேஷனல் நிறுவனத்துக்கு நான்கு பில்லியன் ரிங்கிட் கடனாகப் போனதையும், அதன் விளைவாக ஒரு முன்னாள் பிரதமரின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 23ஆம் நாள் உறுதி செய்ததையும் நாடே அறியும். ஓய்வூதியர்கள் எவருடைய மாதத் தொகையும் அதனால் நிற்கவில்லை. கடனுக்கு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்திருந்ததால் சுமை பொதுப் பணத்தின்மேல் விழுந்தது. ஆண்டுக்கு 2 விழுக்காடு தாங்காது என்று எங்களிடம் சொல்வதற்கு முன், இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி நடைமுறை. தாளை அச்சிட்டு அஞ்சலில் அனுப்புவது செலவு என்றால், கைப்பேசி வைத்திருப்போருக்குச் செயலி வழியாகக் கொடுங்கள். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் மட்டுமாவது அஞ்சலில் அனுப்புங்கள். மலாய் மொழியிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லும் தமிழ், சீன விளக்கத் துண்டு ஒன்றை ஒரே ஒருமுறை தயாரித்தால் போதும். தமிழ் விளக்கத்தைச் சரிபார்த்துக் கொடுக்க இங்கேயே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கட்டணம் கேட்க மாட்டார்கள்.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் ஓய்வூதியத்தை எப்படித் திருத்துவது என்பதைச் சுற்றறிக்கைகளாலும் அறிவிப்புகளாலும் நடத்திச் செல்வது நீண்டகாலத்துக்கு நல்லதல்ல. புதிய சட்டம் கொண்டுவருவதானால், அது யாருக்காவது குறைந்த நன்மை தருகிறதா என்ற ஒப்பீட்டுக் கணக்கை மசோதாவோடு சேர்த்து அவையில் வையுங்கள். 2013இல் அந்தக் கணக்கு அவையின் முன் வைக்கப்பட்டிருந்தால், 57 முதியவர்கள் ஆறு ஆண்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்திருக்காது.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். கணக்குத் தாளை உடனே எல்லாருக்கும் கொடுக்க இயலாது என்றால், எந்த ஆண்டில் ஓய்வுபெற்றவர்களிலிருந்து தொடங்குவீர்கள் என்பதையும், விதவையரின் கோப்புகள் அதில் முதலில் வருமா என்பதையும் அந்தப் பதிலில் குறிப்பிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்குப் பிரிவுக் கிராணி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.